ரொட்டியில் எடுத்த அளவு

சண்முகவடிவின் அடுப்படியில் வந்து இறங்கிய மரக்கிண்ணம் கருவாட்டுக் குழம்பை ஒரு சொட்டுக்கூடச் சிந்தவைக்கவில்லை. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகப் பறந்து வந்து, சட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. யாரோ பார்த்து எடுத்துவைத்த மாதிரி இருந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் கணேசமூர்த்தி உளியும் கையுமாக நின்றிருந்தான். முன்னால், கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கவ்வும் சக்கு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கிண்ணம் வெளியே சாக்கடைக் கானுக்குள் விழுந்திருந்தால் நல்லது என்று நினைத்தான்.

"தம்பி," என்று அந்தப் பக்கமிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "உங்க வீட்டுச் சாமான் ஒண்ணு இங்க வந்திருக்கு. ஆள் அனுப்புறீங்களா, இல்ல நானே வச்சுக்கவா?"

"வச்சுக்குங்க மதினி."

"மூடி இல்லையே."

சண்முகவடிவு அவனுக்குப் பெரியப்பா மகனின் மனைவி. புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள். அவள் கத்தியிருந்தால் கணேசமூர்த்திக்குப் பயமிருந்திருக்காது. கத்தாமல் இருந்ததால், அன்று பொழுது சாய்வதற்குள் விஷயம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவனுக்குப் புரிந்தது. அதைவிட, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வரும் வழியிலேயே அவன் மனைவி பூரணிக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்திருந்தது. பூரணி கூடையை இறக்கிவைத்தாள். முகம் கழுவினாள். பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகைக்குள் வந்து, இயந்திரத்துக்கு எதிரிலிருந்த கதவு நிலையைப் பார்த்தாள். அதில் ஒரு பள்ளம் இருந்தது. போன மாதம் பறந்த கிண்ணம் அங்கேதான் மோதியது. அவள் தேத்தண்ணி கொண்டுவந்து நின்ற நேரம் அது. காதுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும். அதற்கும் முன்னால் பறந்த ஒன்று கணேசமூர்த்தியின் நெற்றியைக் கிழித்திருந்தது. டயகம ஆஸ்பத்திரியில் தைத்த தழும்பு புருவத்துக்கு மேலே இன்னும் இருந்தது.

"இன்னொண்ணு பறந்துச்சுன்னா," என்றாள் பூரணி, "மெஷின் பழைய இரும்புக்காரனுக்கு. நான் சண்டை போடல. சொல்லி வைக்கிறேன்."

மறுநாள் காலையில் சாய்ப்பின் மூலையில் ஒரு கட்டு விறகு இருந்தது. மழைக்காலத்துக்கு விறகு போட இடம் வேண்டும் என்று அவள் பல வருஷமாகச் சொல்லிவந்தவள்தான். அந்த வார முடிவில் விறகு இரண்டு கட்டானது. அடுத்த வாரம் அது இயந்திரத்தின் காலைத் தொட்டது.

*

கணேசமூர்த்தி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதலில் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தான், பிறகு கொழுந்து அரைக்கும் ரோதையடிக்கு வந்தான். மலையில் வேலை செய்கிறவர்கள் மழையில் நனைவார்கள், அவன் நனைந்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். கொழுந்து லொறியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போனது. கணேசமூர்த்தி புல்லு வெட்டப் போனான். முதல் நாளே நனைந்தான்.

இயந்திரங்களை எடைக்கு நிறுத்து விற்றபோது, பட்டறை மூலையில் ஒரு பழைய கடைசல் லேத்தின் தலைப்பகுதி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. இங்கிலாந்தில் செய்தது, எந்த ஊரில் என்ற எழுத்து தேய்ந்துபோயிருந்தது. தொழிற்சாலைப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா, "வேணும்னா எடுத்துக்கய்யா, நான் கண்டுக்கல," என்றார். நான்கு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் அதை ஏற்றி, தண்ணீர்ப் பம்பு மோட்டார் ஒன்றைப் பட்டை போட்டு இணைத்தான். முதல் நாள் அது சுற்றியபோது லயத்தில் பாதிப் பேருக்கு வெளிச்சம் போனது. ஆனாலும் சுற்றியது.

ரொட்டிக் கட்டை, இடியாப்ப உரல், கட்டில் கால் என்று கடைந்துகொண்டிருந்தவனுக்கு, பழைய தேயிலையைப் பிடுங்கி எறிந்த இடத்திலிருந்து பொறுக்கி வந்த அடிமரத்தில் கிண்ணம் கடையலாம் என்று தோன்றியது. நல்லதண்ணி என்ற ஊரில் சிவனொளிபாத யாத்திரைக் காலத்தில் கடை போடுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். கறுப்பும் மஞ்சளுமாக ஓடும் ரேகைகளைப் பார்த்து, இது என்ன மரம் என்று யாத்திரைக்காரர்கள் கேட்பார்களாம். தேயிலை என்றால் நம்பமாட்டார்களாம். புல்லு வெட்டுகிற நாட்களில் கணேசமூர்த்தி யாரோ ஒருவன். சாய்ப்புக்குள் மோட்டாரைத் தட்டிவிட்டால் அவன் மறுபடியும் தொழிற்சாலைக்காரன். விறகுக்கட்டு இயந்திரத்தின் காலைத் தொட்ட அன்று அவனுக்குச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

குற்றம் சக்கில்தான் இருந்தது. அடிமரத்தைக் கவ்விப் பிடித்துச் சுற்றவேண்டியது அது. இரும்பில் செய்த பெரிய வட்டம். அதில் மூன்று தாடைகள். இரும்புத் துண்டைப் பிடிப்பதற்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் செய்தது. தேய்ந்து தேய்ந்து, மூன்றில் ஒன்று காலை ஆள்கணக்குப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைப்பக்கமே போகாத ஆள் மாதிரி, சும்மா நின்றது. தேயிலை அடிமரமோ ஒரு பக்கம் கல்லாகவும் மறுபக்கம் உளுத்தும் இருக்கும். உளி ஒரு முடிச்சில் தட்டினால் போதும், மரம் கிளம்பிவிடும்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகன் திலக்ஷன் தொலைபேசிக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தான். அதில் மரத்துக்கென்றே செய்த நாலு தாடைச் சக்கு ஒன்று பெரிய மரத்துண்டைக் கவ்விக்கொண்டு சுற்றியது. கணேசமூர்த்தி அதைப் பலமுறை பார்த்துவிட்டுப் பூரணியிடம் காட்டினான்.

"நல்ல சக்கா இருந்தா பறக்காதா?" என்றாள் அவள்.

"பறக்காது."

"நிச்சயமா?"

"நல்ல சக்குன்னா."

"அப்ப எது நல்லதுன்னு நானும் வந்து பாக்குறேன்."

அவன் மறுத்துப் பேசவில்லை. தனியாகப் போய் அவன் வாங்கிவந்த சாமான்களின் கதை வீட்டுக்குள்ளேயே இருந்தது: பஸ்ஸுக்குள் தானாக விரிந்துகொண்ட குடை, மூடி பொருந்தாத ரைஸ் குக்கர், இடது கால் மட்டும் இரண்டு இருந்த சப்பாத்து.

*

புதுச் சக்கு வாங்க வேண்டுமென்றால் முதலில் பழையது கழலவேண்டும். அது இயந்திரத்தின் சுழலும் தண்டின் முனையில் மரை போட்டு முறுக்கியது. எந்தக் காலத்தில் முறுக்கினார்களோ, அதற்குப் பிறகு யாரும் கழற்றியதில்லை. கணேசமூர்த்தி தேங்காயெண்ணெய் விட்டான், மண்ணெண்ணெய் விட்டான். மேல்லயத்து இராமையா வந்து கம்பி போட்டுத் தொங்கினான். சக்கு அசையவில்லை. இராமையாவின் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது.

பூரணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போத்தல் மூடி இறுகிக்கிட்டா என்ன செய்வேன்?"

"இது போத்தலா?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"சுடுதண்ணி ஊத்துவ."

ஒரு கேத்தல் கொதிநீரைச் சக்கின் மேல் மட்டும் வளைத்து ஊற்றினாள். சாக்குத் துண்டைப் போட்டுப் பிடித்து, "இப்பத் திருப்புங்க," என்றாள். சக்கு 'க்ரீக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கழன்று வந்தது. இராமையா இடுப்பைப் பிடித்தபடியே எழுந்து வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து சக்கு சம்பந்தப்பட்ட எல்லா விஷயங்களிலும் பூரணியின் சொல்லுக்கு எடை கூடிவிட்டது.

அடுத்த சிக்கல் அளவு. புதுச் சக்கின் துளை தண்டின் மரைக்குச் சரியாக வரவேண்டும். தண்டைக் கழற்றி எடுத்துப்போக முடியாது. அதன் பெயரிங்குகள் துருவேறிப் பெட்டியோடு ஒன்றாகிவிட்டிருந்தன. பழைய சக்கைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அது அரிசி மூட்டைக் கனம். அதோடு, அதிலும் துளைதான், கடையில் இருக்கும் சக்கிலும் துளைதான். துளைக்குள் துளையை விட்டு எப்படிப் பார்ப்பது? தண்டு மாதிரி ஒன்று வேண்டும்.

பூரணி அப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்துகொண்டே பழைய சக்கின் துளையைப் பார்த்தாள். மாவைப் பார்த்தாள். பிறகு கணேசமூர்த்தியைப் பார்த்தாள்.

"தேங்காய்ப்பூ போடாத," என்றான் அவன்.

"எனக்குத் தெரியாதா?"

துளைக்குள் எண்ணெய் தடவி, இறுக்கிப் பிசைந்த மாவை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். சக்கை அப்படியே அடுப்புத் தணலின் மேல் வைத்தாள். இங்கிலாந்துச் சக்குக்குள் கோதுமை மா வெந்தது. வீடு முழுக்க ரொட்டி வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் கலந்து அடித்தது. வெந்த பிறகும் எடுக்கவில்லை. மறுநாள் வரைக்கும் தணலிலேயே காயவிட்டாள். பிறகு மெதுவாகத் திருகினாள். ரொட்டியில் செய்த ஒரு போல்ட், மரையெல்லாம் அச்சாக விழுந்து, இலகுவாகக் கழன்று வந்தது.

"பாத்தீங்களா, எப்பிடி வழுக்கிட்டு வருதுன்னு."

கணேசமூர்த்தியும் பார்த்தான். அவ்வளவு இலகுவாக வந்ததைப் பற்றி அப்போது இருவருமே யோசிக்கவில்லை.

*

ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் ரொட்டிப் போல்ட் பூரணியின் மடியில் ஒரு பொலித்தீன் பையில் பயணம் செய்தது. பகல் சாப்பாட்டு ரொட்டி இன்னொரு பையில் இருந்தது. தலவாக்கலையில் பஸ் நின்றபோது கணேசமூர்த்திக்குப் பசித்தது. கையை நீட்டினான்.

"அது இல்ல," என்றாள் பூரணி, வெளியே பார்த்தபடி. "மத்தப் பை."

ஹட்டனில் இறங்கியதும் சந்தையில் அரைக் கிலோ பீட்ரூட் வாங்கினாள். வந்ததற்கு அதுவும் ஆகட்டும் என்று.

சரிபுதீன் நானாவின் கடை ஏற்றத்தில் இருந்தது. மோட்டார், பட்டை, பெயரிங், அரிவாள், எலிப்பொறி எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் ரொட்டிப் போல்ட்டைக் கையில் வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என்னா அண்ணன்?"

"தண்டு, நானா."

"ரொட்டி மாதிரி ஈக்கிதே."

"ரொட்டியில செஞ்ச தண்டு."

அவர் சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒத்தர் சவுக்காரத்துல கொண்டாந்தார்," என்றார். "மழைல நனஞ்சு வந்தார். அவர் கைல நுரை மட்டும்தான் ஈந்துச்சி. இது பரவால்ல."

இரண்டு சக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பெரியது, மூன்று தாடை, கண்ணாடி மாதிரி மின்னியது. மற்றது சின்னது, கறுப்பு, நாலு தாடை. விலை அதிகம் சின்னதுக்குத்தான். கணேசமூர்த்தியின் கை தானாகப் பெரியதன் பக்கம் போனது.

"பழசும் மூணு தாடைதானே," என்றான். "வெள்ளைக்காரனே மூணுதான் வச்சிருக்கான்."

"வெள்ளைக்காரன் இரும்பப் பிடிச்சான்," என்றாள் பூரணி. "நானா, ரெண்டையும் திறந்து மூடிக் காட்டுங்க."

சரிபுதீன் சாவி போட்டுத் திருகிக் காட்டினார். தாடைகள் ஒன்றாக விரிந்து ஒன்றாகக் கூடின. பூரணி பையிலிருந்து ஒரு பீட்ரூட்டை எடுத்துப் பெரிய சக்கின் வாயில் வைத்தாள்.

"இறுக்குங்க."

"தங்கச்சி, இது மரக்கறிக்கு..."

"சும்மா இறுக்குங்க நானா."

மூன்று தாடைகளும் பீட்ரூட்டில் மூன்று இடத்தில் பல் பதித்தன. சாறு கசிந்தது. பூரணி ஒரு விரலால் தட்டினாள், பீட்ரூட் ஆடியது. அதைக் கழற்றித் திருப்பி, தோல் கிழிந்த இடங்களைக் கடைக்காரரிடம் காட்டினாள். பிறகு இன்னொரு பீட்ரூட்டை எடுத்துச் சின்னச் சக்கில் வைக்கச் சொன்னாள். அதன் தாடைகள் வளைவாக, உட்புறம் குழிந்து இருந்தன. காயைச் சுற்றி வளைத்து அணைத்துப் பிடித்தன. இந்த முறை தட்டியபோது அது அசையவில்லை.

"அது கடிக்குது," என்றாள். "இது பிடிக்குது."

கணேசமூர்த்தி விடவில்லை. கொண்டுவந்திருந்த சதுரமான மரத்துண்டைப் பெரிய சக்கில் வைத்து இறுக்கப் பார்த்தான். மூன்று தாடைக்குள் நாலு மூலை எப்படிச் சேரும்? துண்டு கோணலாக நின்றது. சின்னதில் வைத்தான். நாலு தாடையும் நாலு பக்கத்தையும் பிடித்துக்கொண்டன. அவன் இன்னொரு முறை பெரியதன் மினுமினுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"கண்ணாடி வேணும்னா அடுத்த கடையில வாங்கிக்கலாம்," என்றாள் பூரணி.

அடுத்துத்தான் ரொட்டியின் முறை வந்தது. நாலு தாடைச் சக்கின் பின்புறத்தில் மரை உள்ள ஒரு உள்வளையத்தைப் போடவேண்டும். அதைப் புஷ் என்றார் சரிபுதீன். தண்டின் அளவுக்கு ஏற்ற புஷ்ஷை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமாம். பழைய இங்கிலாந்து மரைக்கு இரண்டு அளவு அவரிடம் இருந்தது. சின்னப் புஷ்ஷுக்குள் ரொட்டிப் போல்ட் அழகாகத் திருகிப் போனது. பெரிய புஷ்ஷுக்குள் தொளதொளவென்று ஆடியது.

"அப்ப சின்னதுதான்," என்றார் சரிபுதீன். கொஞ்சம் யோசித்தார். "ஆனா காஞ்ச சாமான் சுருங்கும் தானே?"

கணேசமூர்த்திக்குத் திடீரென்று வாட்டும் மாடி ஞாபகம் வந்தது. மாலையில் தொட்டி நிறையப் போட்ட கொழுந்து காலையில் பாதியாகக் கிடக்கும். ஈரம் போனால் எதுவும் சுருங்கும். வருஷக்கணக்காகக் கையால் தொட்டுத் தெரிந்த விஷயம். ரொட்டி எவ்வளவு இலகுவாகக் கழன்று வந்தது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"சுருங்கியிருக்கும்," என்றான்.

"எது?" என்றாள் பூரணி.

"ரொட்டி."

"என் ரொட்டியா?"

சரிபுதீன் எலிப்பொறிகளை அடுக்கத் தொடங்கினார்.

"இல்ல பூரணி, ஒரு நாள் முழுக்கத் தணல்ல இருந்துச்சுல்ல, கொழுந்து வாடற மாதிரி..."

"கொழுந்து இலை. ரொட்டி மா. மா சூட்டுல உப்பும். சுருங்காது. வேணும்னா தண்டு இதவிடச் சின்னதா இருக்கும், பெருசா இருக்காது." அவள் குரல் உயரவில்லை. "கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து திங்கிறீங்க. ஒரு நாளாவது என் ரொட்டி சுருங்கி இருந்துச்சா? நானா முன்னாலயே சொல்லுங்க."

"எங்கட வீட்டுல ரம்லா சுடற ரொட்டி..." என்று தொடங்கிய சரிபுதீன், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். "எல்லாம் மாவைப் பொறுத்தது," என்று எலிப்பொறியிடம் சொன்னார்.

கணேசமூர்த்தி பெரிய புஷ்ஷைப் பார்த்தான். பூரணியைப் பார்த்தான். அவள் ரொட்டி கெட்டியாக இருந்த நாட்களும் உண்டு, கருகிய நாட்களும் உண்டு. அதையெல்லாம் பேசுகிற இடம் ஹட்டன் கடைத்தெரு இல்லை. சாய்ப்புக்குள் விறகு எதுவரை வந்திருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டான்.

"உன் ரொட்டி சுருங்காது," என்றான். "சின்னதையே குடுங்க நானா."

சரிபுதீன் சின்னப் புஷ்ஷைக் கட்டிக் கொடுத்தார். பெரியதை மற்றச் சாமான்களோடு போடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து தனியாக ஓரமாக வைத்தார். கணேசமூர்த்தி அதைப் பார்த்தான். பூரணி பீட்ரூட்டைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்கு வந்த கையோடு பூட்டிப் பார்க்கவேண்டும் என்றாள் பூரணி. சண்முகவடிவு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இதுதான் புதுசா? சின்னதா இருக்கு."

"சின்னதுதான் பிடிக்கும் மதினி," என்றான் கணேசமூர்த்தி. தண்டைத் துடைத்து எண்ணெய் தொட்டுவைத்து, சக்கைத் தூக்கி முனையில் வைத்துத் திருகினான். ஏறவில்லை. நேராகப் பிடித்துத் திருகினான். ஒரு மரைகூட ஏறவில்லை. துளை தண்டின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. பூரணி வாங்கித் திருகிப் பார்த்தாள். சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். கேத்தல் காலியானதுதான் மிச்சம்.

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள். "ரொட்டி சுருங்கிப்போச்சு போல," என்றாள்.

பூரணி கேத்தலைப் பிடித்தபடி நின்றாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

'நான் அப்பவே சொன்னேன்' என்ற வாக்கியம் கணேசமூர்த்தியின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அப்படிச் சொல்லும் வாய்ப்பு அவனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் கிடைத்திருக்கிறது. அதுவும் சமையல் விஷயத்தில், அதுவும் சாட்சி வைத்துக்கொண்டு, இனி எப்போது கிடைக்கும்? அவன் வாயைத் திறந்தான். கால் பெருவிரலில் விறகுக்கட்டு இடித்தது.

"ரொட்டியில ஒரு பிழையும் இல்ல," என்றான். "தண்டு பருத்துப்போச்சு."

"என்ன தம்பி?"

"பழைய சக்கு இத்தனை காலம் இறுக்கிப் பிடிச்சிருந்துச்சுல்ல மதினி. கழட்டினதும் பருத்துருச்சு. மோதிரத்தைக் கழட்டினா விரல் பருக்கிறதில்லையா, அது மாதிரி."

"இது இரும்புல்ல?"

"இங்கிலாந்து இரும்பு."

சண்முகவடிவு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பூரணியைப் பார்த்தாள். "அப்பிடியா," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாள். அவள் அடுப்பில் எதுவும் இல்லை என்பது வாசம் வராததிலேயே தெரிந்தது.

பூரணி கேத்தலை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ராத்திரி சோறு போட்டாள்; ரொட்டி சுடவில்லை. மறுநாள் ரவிக்கைக்கு நூல் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனாள். நூல் பக்கத்து அகரபத்தனையிலேயே கிடைக்கும். கணேசமூர்த்தி அதைச் சொல்லவில்லை.

பின்னேரம் வந்து பையிலிருந்து பெரிய புஷ்ஷை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"நானா எடுத்து வச்சிருந்தார்."

"என்ன சொன்ன அவர்கிட்ட?"

"தண்டு பருத்துருச்சுன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"இந்த மாசம் ஹட்டன் பக்கம் நிறையத் தண்டு பருத்திருக்காம்."

கணேசமூர்த்தி சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பூரணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயோரமும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது.

"அது சக்குல இருந்து வழுக்கிட்டு வந்தப்பவே நான் பாத்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

புஷ்ஷை மாற்றியதும் சக்கு எதுவும் பேசாமல் ஏறி உட்கார்ந்தது. ஆனால் ஏறியதால் மட்டும் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை, பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி தன்னிடம் இருந்த அடிமரங்களிலேயே நல்ல முரட்டுத் துண்டாக ஒன்றை எடுத்தான். சுவரைத் தட்டிச் சொன்னான். சண்முகவடிவு தன் பக்கத்தில் சட்டிகளையெல்லாம் மூடிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வெளிய நிக்கிறேன் தம்பி, நீங்க ஆரம்பிங்க," என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

இராமையாவின் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்த கணேசமூர்த்தி, உளியைக் கீழே வைத்தான். பூரணி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பள்ளம் விழுந்த இடம் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அங்க நிக்காத."

"ஏன்?"

"உள்ள போய் நில்லு பூரணி."

"நல்ல சக்குன்னா பறக்காதுன்னீங்க. நல்லதைத்தான் பாத்து வாங்கியிருக்கேன். ஓட்டுங்க."

ஹெல்மெட்டுக்குள் அவனுக்கு வியர்த்தது. சாவியை எடுத்து மறுபடி இறுக்கினான். நாலு தாடையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நாலும் வேலையில் இருந்தன. மரத்தைக் கையால் பிடித்து உலுக்கினான். இயந்திரமே ஆடியது, மரம் ஆடவில்லை. மோட்டாரைத் தட்டினான்.

பழைய சக்கு 'கடக் கடக்' என்று எண்ணிக்கொண்டே சுற்றும். இது ஒரே மூச்சில் முனகியது. உளியை மெல்லக் கொண்டுபோனான். முதல் சிராய் வந்தது. பிறகு முடிச்சு தட்டியது. உளி துள்ளியது, அவன் கை துள்ளியது, ஹெல்மெட் மூக்கில் இறங்கியது. மரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முடிச்சு தட்டியது. உளி அதையும் தாண்டிப் போனது. சிராய்கள் ஹெல்மெட்டின் மேல் மழை மாதிரி விழுந்தன. கறுப்பும் மஞ்சளுமாக ரேகை வெளியே வந்தது.

மோட்டாரை நிறுத்தியபோது, கிண்ணம் சக்கின் வாயிலேயே இருந்தது. கணேசமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். பூரணி நின்ற இடத்திலேயே நின்றாள். புடவைத் தலைப்பை அவள் எவ்வளவு இறுக்கிச் சுருட்டியிருந்தாள் என்பது அதை விட்டபோதுதான் தெரிந்தது. கசங்கியது கசங்கியபடியே நின்றது.

அவள் பாராட்டவும் இல்லை, கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. இயந்திரத்தின் காலை ஒட்டியிருந்த விறகுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். திரும்பி வந்து அடுத்த கட்டைத் தூக்கினாள்.

"நான் தூக்குறேன்," என்றான் அவன்.

"நீங்க கூட்டுங்க. வீடெல்லாம் தூசு."

அவன் கூட்டிக்கொண்டிருந்தபோது சண்முகவடிவு வந்தாள். கையில் அன்று பறந்துபோன கிண்ணம். உள்ளே கருவாடு இருந்தது.

"அப்ப இனிமே ஒண்ணும் வராதா தம்பி?"

"வராது மதினி."

"அப்ப இதுக்கு மூடி எப்பிடி வரும்? பூனை வாய் வைக்குது. அன்னிக்கே சொன்னேன், மூடி இல்லன்னு."

"செஞ்சு தாறேன். கிண்ணத்தை வச்சுட்டுப் போங்க."

"கருவாட்டை எங்க கொட்டுறது? அளவு மட்டும் எடுத்துக்குங்க."

அளவு என்றதும் கணேசமூர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தான். பூரணி ராத்திரிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அவனையும் பார்த்தாள், கிண்ணத்தையும் பார்த்தாள். பிறகு மாச் சட்டியை மூடி, தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள்.